புதுப்பிப்பு: பூக்கடைக் கணக்கை டேபிள்களாகப் பிரித்தாயிற்று

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மாமாவின் கமிஷன் கடைக் கணக்கு ஒரே எக்செல் ஷீட்டில் கிடக்கிறது, டேட்டாபேஸாக மாற்றுவது எப்படி என்று இங்கே கேட்டிருந்தேன். "முதலில் விவசாயிகளைத் தனி டேபிளாக்குங்கள்" என்றீர்கள். செய்துவிட்டேன், நன்றி.

இப்போது மூன்று டேபிள்: விவசாயி, பூ, வரத்து (யார் என்ன பூ போட்டார் என்ற கணக்கு). உசிலம்பட்டிக்காரர் ஒருவரின் போன் நம்பர் மாறினால் முன்பு அவர் பூ போட்ட அத்தனை வரியிலும் திருத்த வேண்டும். இனி ஒரே இடம்தான். வரத்து டேபிளில் அவருடைய அடையாள எண் (போன் நம்பர் அல்ல) மட்டும் இருக்கும். அதுதான் ஃபாரின் கீ, அதாவது இன்னொரு டேபிளில் உள்ள வரியைச் சுட்டும் எண். பெயரை பிரைமரி கீயாக, அதாவது ஒவ்வொரு வரியையும் தனித்துக் காட்டும் அடையாளமாக, வைக்கவில்லை. பாண்டி என்ற பெயரில் மட்டும் எத்தனை பேர்!

ரொம்ப யோசித்தது விலையைப் பற்றித்தான். மல்லிகைக்குக் காலையில் ஒரு விலை, பத்து மணிக்கு இன்னொன்று. அதைப் பூ டேபிளில் வைத்தால், இன்றைக்கு விலையை மாற்றியதும் நேற்றைய பில்லும் சேர்ந்து மாறிவிடும். ஆகவே விலை ஒவ்வொரு வரத்து வரியிலும் இருக்கிறது. விற்றது விற்ற விலையிலேயே நிற்க வேண்டும், அது விவசாயியின் காசு.

அப்புறம், எஸ்க்யூலைட் (SQLite) என்ற டேட்டாபேஸ் மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் கவனிக்க: ஃபாரின் கீ சுட்டும் வரி உண்மையில் இருக்கிறதா என்ற சோதனை அதில் வழக்கமாக அணைந்தே இருக்கும். டேட்டாபேஸோடு ஒவ்வொரு முறை இணையும்போதும் பிராக்மா என்ற அமைப்புக் கட்டளை (PRAGMA foreign_keys = ON) கொடுத்து ஆன் பண்ணுங்கள். ஆன் பண்ணியபின், வரத்து டேபிளில் இன்னும் வரிகள் இருக்கும் ஒரு விவசாயியின் பதிவை அழிக்கப் பார்த்தேன், மறுத்துவிட்டது. அடுத்தது ஜாயின் போட்டு, அதாவது டேபிள்களைச் சேர்த்துப் படித்து, வாரக் கணக்கு எடுக்க வேண்டும்.