கீசர் சூடாகும்போது ஆர்.சி.சி.பி. விழுது: காயிலா, வயரிங்கா?

பாகாயம்வாசி

எல்லாருக்கும் வணக்கம். 15 லிட்டர் கீசர், 2000 வாட்ஸ், வாங்கி அஞ்சு வருஷத்துக்கு மேல ஆகுது. போர் தண்ணிதான் ஏறுது. ஸ்விட்ச் போட்டவுடனே ஒண்ணும் ஆகல, தண்ணி சூடேற ஆரம்பிச்சதும் வீடு முழுக்க கரண்ட் போயிடுது. விழறது எம்.சி.பி. (ஓவர்லோடுக்கு விழற ஸ்விட்ச்) இல்ல, பக்கத்துல டெஸ்ட் பட்டன் வச்ச ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிஞ்சா விழற ஸ்விட்ச், 30 மில்லி ஆம்பியர்). இதுல இன்னொரு குழப்பம்: கீசரை அணைச்ச பிறகும், உடனே தண்ணி மோட்டார் போட்டா சில நேரம் விழுது.

வந்து பார்த்த எலக்ட்ரீசியன், கீசர் பிளக்குல எர்த் வயரை மட்டும் கழட்டிட்டா விழாதுன்னு சொல்றார். வீட்ல சின்னப் பசங்க இருக்காங்க, அதான் யோசனையா இருக்கு. மல்டிமீட்டர் இருக்கு. எதை எப்படிப் பார்க்கணும்?

காட்பாடிமீட்டர்

எர்த் வயரைக் கழட்டவே கழட்டாதீங்க. கீசருக்குள்ள கசியற கரண்ட் இப்போ எர்த் வயர் வழியா பாதுகாப்பா இறங்குது. போன கரண்ட்டுக்கும் திரும்பி வந்ததுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துதான் ஆர்.சி.சி.பி. விழுது. எர்த்தை எடுத்தா கசிவு நிக்காது. டேங்க்கோட உடம்பு, உலோகக் குழாய், ஷவர் எல்லாத்துலயும் கரண்ட் ஏறி நிக்கும், ஈரக் கையோட தொடற ஆள் வழியாத்தான் இறங்கும். அப்பவும் ஆர்.சி.சி.பி. விழலாம், ஆனா ஷாக் அடிச்ச பிறகுதான் விழும். நீங்க விசாரிக்கற வரைக்கும் கீசரை யாரும் போட வேண்டாம், பிளக்கைப் பிடுங்கி வைங்க.

பிளக் வெளியில இருக்கும்போது மத்த எல்லாத்தையும் வழக்கம்போல ஓட்டுங்க, முக்கியமா மோட்டாரை. விழலன்னா பழுது கீசர்லயோ அதோட பிளக் பாயிண்ட்லயோதான்.

அடுத்து, கீழ் மூடியைக் கழட்டி, வயர் எதுல எது மாட்டியிருக்குன்னு போட்டோ எடுத்துட்டு, தண்ணியைச் சூடாக்கற காயிலோட ரெண்டு முனையிலயும் இருக்கற வயர்களை உருவிடுங்க. உருவாம அளந்தா தெர்மோஸ்டாட்டும் இண்டிகேட்டர் லைட்டும் சேர்ந்து தப்பு ரீடிங் காட்டும். முனைக்கு முனை 26 ஓம் பக்கம் வரணும் (230 வோல்ட், 2000 வாட்ஸ் கணக்கு அதுதான்). அது சரியா இருந்தா காயில் அறுந்து போகலன்னு மட்டும்தான் அர்த்தம். கசிவு தெரிய, ஒரு முனைக்கும் டேங்க் உடம்புக்கும் நடுவுல 20 மெகா ஓம் ரேஞ்சுல வச்சுப் பாருங்க. "பீப்" சத்த ரேஞ்ச் இதுக்கு உதவாது, சில பத்து ஓமுக்குக் கீழ போனாத்தான் அது கத்தும். ரெண்டு புரோபையும் விரலால பிடிச்சுக்கிட்டு அளக்காதீங்க, உங்க உடம்போட ஓம் காட்டிடும். நல்ல காயில்னா ரீடிங்கே வரக் கூடாது. 1 மெகா ஓமுக்குக் கீழ வந்தா அந்தக் காயிலை நம்ப முடியாது.

பாகாயம்வாசி

நன்றிங்க. பிளக் பிடுங்கினதுல இருந்து விழல, மோட்டார் ஓடுது. முனைக்கு முனை 26.8 ஓம். முனைக்கும் உடம்புக்கும் 38 கிலோ ஓம், கீசர் நல்லா ஆறியிருக்கும்போது. கழட்டி வெயில்ல காய வச்சா சரியாகுமா?

குடியாத்தம்வயர்மேன்

காயில் போச்சு சார், மாத்தித்தான் ஆகணும். 38 கிலோ ஓம்னா ஆறின நிலையில அதிகபட்சம் 6 மில்லி ஆம்பியர் கசியும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. 15க்கும் 30க்கும் நடுவுலதான் விழும், அதனாலதான் போட்டவுடனே விழல. சூடேற ஏற காயில் குழாய்ல விழுந்த வெடிப்பு விரிஞ்சு கசிவு கூடுது. காயில் குழாய்க்குள்ள இருக்கற வெள்ளைப் பவுடர் மெக்னீசியம் ஆக்சைடு, ஈரத்தை இழுக்கும். வேலூர் வெயில்ல காய வச்சா மீட்டர்ல நல்லாத்தான் காட்டும். ஆனா குழாய்ல விழுந்த ஓட்டை அடையாது, தண்ணில மூழ்கினா பழைய கதைதான்.

அந்த மோட்டார் விஷயத்தை அப்படியே விட்டுடாதீங்க. ஒரு முனை நியூட்ரல்லயே (கரண்ட் திரும்பிப் போற வயர்) இருக்கறதால அணைச்ச பிறகும் கசியுதுன்னு சிலர் சொல்லுவாங்க. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல ரெண்டு, மூணு வோல்ட்டுதான் இருக்கும். அந்த வோல்ட்டுல 30 மில்லி ஆம்பியர் ஓடணும்னா கசிவு நூறு ஓம் அளவுக்கு இறங்கியிருக்கணும், உங்களுது 38 ஆயிரம். அதனால எனக்கு சந்தேகம் பிளக் பாயிண்ட் மேல: பேஸும் (கரண்ட் வர வயர்) நியூட்ரலும் மாறி, ஸ்விட்ச் நியூட்ரலைத்தான் வெட்டுதோ என்னவோ. அப்படின்னா ஸ்விட்சை அணைச்சாலும் காயில் முழுக்க 230 வோல்ட் நிக்கும். சூடான காயில் கசியறதோட மோட்டார் கசிவும் சேரும்போது விழுந்துடும்.

கீசர் ஸ்விட்சை அணைச்சு, காலி சாக்கெட்ல டெஸ்டர் வச்சுப் பாருங்க. எந்த ஓட்டையிலயும் எரியக் கூடாது. எரிஞ்சா மல்டிமீட்டரை ஏ.சி. 750 ரேஞ்சுல போட்டு, அந்த ஓட்டைக்கும் மேல இருக்கற எர்த் ஓட்டைக்கும் அளந்து உறுதி பண்ணுங்க.

ஆற்காட்டுப்பட்டறை

தம்பி, காயில் மாத்தற வேலையை நீங்களே செய்யலாம், பொறுமை வேணும். எம்.சி.பி. ஆஃப், பிளக் வெளிய, தண்ணி முழுக்க ஆறியிருக்கணும். கீசருக்கு வர ஆங்கிள் காக்கை மூடிட்டு, பச்சைத் தண்ணி ஏறற பக்கம் ஹோஸையும், அங்க வால்வ் இருந்தா அதையும் கழட்டுங்க. சுடுதண்ணிக் குழாயைத் திறந்து விட்டாத்தான் காத்து போய் டேங்க் காலியாகும். சுடுதண்ணிக் குழாயை மட்டும் திறந்துட்டுக் காத்திருந்தா காலியாகாது, அதோட வாய் டேங்க் உச்சில இருக்கு.

பக்கெட்டைக் கீழ வச்சு ஃபிளாஞ்ச் (காயில் பொருத்தியிருக்கற தட்டு) போல்ட்டுங்களைக் கழட்டுங்க, பெரும்பாலும் 10 இல்ல 13 ஸ்பேனர் பொருந்தும். நம்ம ஊரு போர் தண்ணிக்கு சுண்ணாம்பு தகடு தகடா கொட்டும். காயில் வெடிச்சதுக்குக் காரணமே அதுதான்: மேல படிஞ்ச சுண்ணாம்பு சூட்டைத் தண்ணிக்கு விடாது, உள்ள காயில் குழாய் அளவுக்கு மீறிச் சூடாகும். டேங்க் உள்பக்கம் கண்ணாடிப் பூச்சா இருந்தா ஸ்க்ரூடிரைவரால சுரண்டாதீங்க, ஒரு இடம் பேர்ந்தாலும் அங்கிருந்து துருப்பிடிச்சு டேங்க்கே ஒழுகும். கையால அள்ளி, தண்ணி அடிச்சுக் கழுவினாப் போதும். பாத்ரூம் ஆசிட் பக்கமே போகாதீங்க.

பழைய காயிலைக் கையோட எடுத்துட்டுப் போய் வாங்குங்க. வாட்ஸ், ஃபிளாஞ்ச் அளவு, போல்ட் ஓட்டை எண்ணிக்கை, நீளம், தெர்மோஸ்டாட் நுழையற குழாய், மெக்னீசியம் ராடு மாட்டற மரை எல்லாம் ஒத்துப் போகணும். போர் தண்ணிக்கு காப்பர் காயிலை விட இன்கோலாய் 800 (நிக்கல் கலந்த உலோகம்) காயில் தாங்கும். ரப்பர் கேஸ்கெட் கட்டாயம் புதுசு போடுங்க, பழையது அமுங்கிப் போயிருக்கும். மெக்னீசியம் ராடு பாதிக்கு மேல கரைஞ்சிருந்தா அதையும் மாத்துங்க. டேங்க் துருப்பிடிக்காம அதுதான் காப்பாத்துது.

போல்ட்டுங்களை எதிரெதிரா, கொஞ்சம் கொஞ்சமா முடுக்குங்க. தண்ணியைத் திறந்து, சுடுதண்ணிக் குழாய்ல காத்து இல்லாம சீரா வந்த பிறகு, ஃபிளாஞ்ச் ஓரத்துல ஈரம் இல்லன்னு டிஷ்யூ பேப்பர் ஒட்டிப் பார்த்துட்டு, அதுக்கப்புறம்தான் கரண்ட். காலி டேங்க்ல போட்டா புதுக் காயிலும் அப்பவே கருகிடும். தெர்மோஸ்டாட்டை 50, 55 டிகிரியில வைங்க, 60க்கு மேல போகப் போக சுண்ணாம்பு வேகமா படியும். காவிரி கூட்டுக் குடிநீர் வர லைன் இருந்தா கீசருக்கு அதைக் கொடுக்கறது இன்னும் நல்லது.

பாகாயம்வாசி

வயர்மேன் சார், ஸ்விட்ச் அணைச்ச நிலையில இடது ஓட்டையில டெஸ்டர் எரியுது. எர்த்துக்கு அளந்தா 228 வோல்ட். ஆற்காடு அண்ணா, இன்னொண்ணு: சூடேறும்போது பச்சைத் தண்ணி வர இடத்துல இருக்கற வால்வ்ல சொட்டு சொட்டா ஒழுகும். அதையும் மாத்தணுமா?

ஆற்காட்டுப்பட்டறை

அது அப்படித்தான் தம்பி இருக்கும். தண்ணி சூடானா பெருகும், கூடின பிரஷரை வால்வ் சொட்டா வெளிய விடுது. அதை எம்சீல் போட்டு அடைச்சுடாதீங்க, டேங்க் வெடிக்கற ஆபத்து அங்கதான் இருக்கு. கீசர் அணைச்சு ஆறின பிறகும் விடாம ஒழுகினா மட்டும் வால்வை மாத்துங்க.

குடியாத்தம்வயர்மேன்

228 வோல்ட் காட்டுதுன்னா பேஸும் நியூட்ரலும் மாறித்தான் இருக்கு. மெயினை அணைச்சுட்டு, நல்ல எலக்ட்ரீசியனை வச்சு ஸ்விட்ச் பெட்டிக்கு வர வயர்லயே மாத்தச் சொல்லுங்க, சாக்கெட் பின்னால மட்டும் மாத்தினா ஸ்விட்ச் அப்பவும் நியூட்ரலைத்தான் வெட்டும். பேஸ் ஸ்விட்ச் வழியா வந்து, எர்த் மேல இருக்கற மாதிரி எதிர்ல நின்னு பார்த்தா வலது ஓட்டைக்குப் போகணும். முடிஞ்சா அங்க 20 ஆம்பியர் டபுள் போல் ஸ்விட்சே போட்டுடுங்க, பேஸ், நியூட்ரல் ரெண்டையும் வெட்டிடும். வயர் 2.5 ஸ்கொயருக்கு (சதுர மில்லிமீட்டர்) குறைவா இருந்தா அதையும் மாத்துங்க.

ஒரே பெட்டியில எடுத்த மத்த பாயிண்ட்டும் அப்படியே மாறியிருக்க வாய்ப்பு அதிகம். வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ் சாக்கெட்டையும் இதே மாதிரி ஸ்விட்சை அணைச்சு வச்சு டெஸ்டர்ல பார்த்துடுங்க.