பொருள்: வேட்டைப் பயண முதுகுப்பை – ‘பொதிச்சட்டம்’ என்று வைக்கலாமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

மலைப்பயணச் சொற்பட்டியலில் இந்த வாரம் நாம் முட்டிக்கொண்டு நிற்பது ஒரு பையிடம். அமெரிக்க மலைக்காடுகளில் நாள்கணக்கில் நடந்து, கூடாரம் போட்டுத் தங்கி வேட்டையாடுகிறவர்கள் முதுகில் மாட்டிக்கொள்ளும் பை. வேட்டைப்பை, சட்டப்பை, சட்டக முதுகுப்பை, கலப்பை, சிப்பச்சட்டம் என்று இதுவரை வந்த எல்லாப் பரிந்துரைகளையும் படித்தேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பொருளில் பை இரண்டாம் பட்சம், அதைத் தாங்கி நிற்கும் விறைப்பான சட்டம்தான் முதல். பையின் அளவைப் பார்த்து வாங்குகிறவர் மலையில் தவித்துப்போவார். நாமும் பையைப் பார்த்துப் பெயர் வைத்தால், வாங்குகிறவரைத் தப்பான பக்கம் திருப்பிவிட்டவர்கள் ஆவோம். அதனால் ‘பொதிச்சட்டம்’ என்று வைக்கலாம் என்கிறேன். காரணங்களை மடல்களின் வரிசையிலேயே சொல்கிறேன்.

> நம் நாட்டில் வேட்டைக்கே தடை. இல்லாத வேலைக்கு எதற்குச் சொல்?

மயிலாடுதுறை ஐயாவின் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில் நாம் இருக்கிறோம். கோடியக்கரையில் வெளிமானைப் பார்க்கலாம், தூரத்தில் நின்று படம் எடுக்கலாம். அதற்கு மேல் ஒன்றும் கூடாது, அதுவே சரி என்பது என் கருத்தும். ஆனால் கொலராடோவிலும் மொன்டானாவிலும் அலாஸ்காவிலும் உரிமம், பருவம், எண்ணிக்கை எல்லாவற்றையும் மாநில அரசே வரையறுத்து அனுமதிக்கிறது. அந்த ஊர்களில் தமிழர்கள் குடியிருக்கிறார்கள். அந்த ஊர்களைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்களும் மொழிபெயர்க்கிறவர்களும் இருக்கிறார்கள். அதுபோக, பையைத் தாங்கும் இந்தச் சட்டத்தின் வேலை பெரிய பாரத்தை மனிதமுதுகில் ஏற்றி, பாதையில்லாத இடத்தில் நடக்கவைப்பது. காட்டில் முகாம் போடும் ஆய்வாளருக்கும் வேட்டைத் தடுப்புக் காவலருக்கும்கூட அது பொருந்தும். ஆகவே சொல்லில் ‘வேட்டை’ இல்லாமலிருப்பதே நல்லது. ஐயாவின் மறுப்பிலிருந்துதான் எனக்கு இந்த முடிவு கிடைத்தது.

> ‘சட்டப்பை’ சுருக்கமாக இருக்கிறதே, அதையே ஏற்கலாமே.

திருவாரூர் அண்ணன் இதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். பேச்சில் சட்டைப்பையை நாம் எல்லாரும் ‘சட்டப்பை’ என்றுதான் சொல்கிறோம். பேனா செருகும் இடமும் முப்பது கிலோ தூக்கும் கருவியும் காதில் ஒன்றாகிவிடும். ‘வேட்டைச்சட்டம்’ இன்னும் மோசம். வேட்டையைப் பற்றிய சட்டப்பிரிவு என்றுதான் எவரும் படிப்பார்.

அப்படியானால் ‘பொதிச்சட்டம்’ என்பதிலும் சட்டம் வருகிறதே என்று கேட்பீர்கள். கதவுச்சட்டம், கட்டில்சட்டம், படச்சட்டம் என்று முன்னால் ஒரு பொருளின் பெயர் வந்துவிட்டால் யாருக்கும் நீதிமன்றம் நினைவுக்கு வருவதில்லை. ‘சட்டகம்’ என்பதைக் கட்டுரைகளில் கருத்துச் சட்டகம், கோட்பாட்டுச் சட்டகம் என்று எழுதி எழுதி, அது கையில் பிடிக்க முடியாத ஒன்றாக ஆகிவிட்டது. ஆசாரி வாயில் வருவது சட்டம்தான். அதை விடவேண்டாம்.

> சங்க காலத்துக் ‘கலப்பை’ இருக்கும்போது புதிதாக எதற்கு?

கும்பகோணம் தம்பிக்கு: உங்கள் பரிந்துரை எனக்கு மிகவும் பிடித்தது. பாணர்கள் யாழையும் முழவையும் போட்டுக் கட்டித் தோளில் எடுத்துப்போன பை. கலம் வைக்கும் பை, கலப்பை. அழகான சொல், வழிநடைக்காரர்களின் சொல். ஆனால் நம் பக்கத்தில் கலப்பை என்றால் உழவுதான். ஏர்க்கலப்பை போய், டிராக்டரில் கொக்கிக் கலப்பை, சட்டிக் கலப்பை என்று அது இன்றும் வயலில் ஓடிக்கொண்டிருக்கிறது. உயிரோடு வேலை செய்யும் சொல்லை அதன் வேலையிலிருந்து பிடுங்கி வேறு வேலைக்கு அனுப்புவது சரியாக வராது.

இனி சட்டம் ஏன் முதல் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சொல் இதிலிருந்துதான் வரவேண்டும்.

மலைப்பயணத்துக்குப் போகிறவர் கொண்டுபோன உணவைத் தின்றுகொண்டே நடக்கிறார். நாளாக ஆகப் பை இலகுவாகும். வேட்டைக்காரருக்கு இது தலைகீழ். எல்க் என்ற பெரிய மான் ஒன்று கிடைத்தால், எலும்பு நீக்கிய பிறகும் 80, 90 கிலோ இறைச்சி தேறும். அது விழுந்த இடத்திலிருந்து வண்டி நிற்கும் இடம் சில மைல் தள்ளி, மேடு பள்ளம் தாண்டி இருக்கும். ஒரே நடையில் முடியாது; மூன்று நடையாவது போகவேண்டும். ஒவ்வொரு நடைக்கும் பையின் எடையும் சேர்த்து முதுகில் ஏறக்குறைய முப்பது கிலோ. நம் கொள்முதல் நிலையத்து நெல்மூட்டை 40 கிலோ என்பதை நினைத்துக்கொண்டால் பாரம் எவ்வளவு என்று புரியும். இறைச்சியை விட்டுவிட்டு வரவும் முடியாது. உண்ணத்தக்க இறைச்சியை வீணாக்குவது அங்கே குற்றம். அலாஸ்காவில் இறைச்சியைக் கொண்டுவந்து சேர்க்கும் முன் கொம்பை மட்டும் தூக்கிக்கொண்டு வரக்கூடாது என்றே விதி. கடைசி நடையில் இறைச்சியோடு சேர்த்துக் கொம்பு வரலாம். அந்த விதி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இந்த வேலையைத் துணிப்பை செய்யாது. 1952-ல் கலிபோர்னியாவில் டிக் கெல்ட்டி என்பவர் அலுமினியக் குழாய்ச் சட்டத்தையும் இடுப்புப்பட்டையையும் சேர்த்து முதுகுப்பைகள் விற்கத் தொடங்கினார். பாரம் தோளைவிட்டு இடுப்பெலும்புக்கு இறங்கியது. 1967-ல் கிரெக் லோ சட்டத்தைப் பைக்குள்ளேயே வைத்துத் தைத்தார். இன்றைய வேட்டைப் பைகள் பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவே நிற்கின்றன. சட்டம் தனி, பை தனி. பையைக் கழற்றலாம், மாற்றலாம். இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் உண்டு. பட்டைகளைத் தளர்த்தினால் பை சட்டத்தைவிட்டு விலகும். துணியில் கட்டிய இறைச்சியை அந்த இடைவெளியில் வைத்து மறுபடி இறுக்கினால், கனமெல்லாம் முதுகெலும்பை ஒட்டி நிற்கும். கூடாரமும் துணிமணியும் வெளிப்பக்கம் பையிலேயே இருக்கும். இரத்தமும் அதில் படாது.

கனம் முதுகை ஒட்டி நிற்பது ஏன் முக்கியம் என்பதை டெல்டாக்காரர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. கொள்முதல் நிலையத்தில் லாரி ஏற்றும் சுமைதூக்கும் தொழிலாளர்களைப் பாருங்கள். இரண்டு பேர் மூட்டையைப் பிடித்து உயர்த்துவார்கள். வாங்குகிறவர் இடுப்பை மடக்கிக் குனிந்து, மூட்டையைப் பிடரியிலும் மேல்முதுகிலும் படிய வாங்கி, ஒரு தரம் குலுக்கிச் சரிசெய்துகொண்டு பலகையில் ஏறிவிடுவார். மூட்டை ஒரு சாண் பின்னால் சரிந்தால் அவரால் அடுத்த அடி வைக்கமுடியாது. இதே வேலையைச் செய்வதற்குத்தான் அந்தப் பையின் உச்சியில் இரண்டு பட்டைகள் வைத்திருக்கிறார்கள். சட்டத்தின் தலைப்பிலிருந்து இறங்கி, தோளில் மாட்டும் பட்டையின் முன்பக்கம் சேரும். இழுத்தால் பாரம் முன்னால் வந்து உடம்போடு ஒட்டும். அவை 30 முதல் 45 பாகைச் சாய்வில் நிற்கவேண்டும். அதற்குச் சட்டம் தோளுக்கு மேலே உயர்ந்து நிற்கவேண்டும். சட்டம் குட்டையாக இருந்தால் பட்டை இருந்தும் பயனில்லை.

> மேலே இருக்கும் பட்டைக்கு ‘தூக்குவார்’ என்று வைக்கலாம். தோல்வார், கச்சைவார் போல.

‘தூக்குவார்’ என்றால் ‘அவர் தூக்குவார்’ என்றுதான் படிக்கத் தோன்றும். ‘ஏற்றுவார்’, ‘இறுக்குவார்’ எல்லாவற்றுக்கும் இதே கதி. இப்படிப்பட்ட வினையோடு ‘வார்’ சேர்த்தால் தமிழில் அது ஆளைக் குறிக்கும். எல்லாவற்றையும் ‘பட்டை’ என்றே முடித்துவிடுவோம்: தோள்பட்டை என்பது உடலுறுப்பின் பெயரும் ஆகிவிடுவதால் அதை மட்டும் ‘தோள்வார்’ என்று வைத்துக்கொள்ளலாம். மற்றபடி இடுப்புப்பட்டை, நெஞ்சுப்பட்டை, மேலே இருப்பது இழுபட்டை. இடுப்புப்பட்டைக்குப் பட்டியலில் ‘பெல்ட்’ என்பதையும் பக்கத்தில் போட்டால் தேடுகிறவருக்கு வசதி.

> பொதி என்றாலே கழுதைதான் ஞாபகம் வருகிறது, அக்கா.

வரட்டுமே, தம்பி. பொதிமாடு, பொதிக்கழுதை இரண்டும் பாதை இல்லாத இடத்தில் சரக்கைக் கொண்டுசேர்த்த பிராணிகள். ஆனால் பொதி என்றால் முதலில் பொதிந்து கட்டியது. வாழையிலையில் பொதிந்தால் பொதிச்சோறு. யாழ்ப்பாணத்து நண்பர்கள் அஞ்சலில் வரும் பார்சலைப் பொதி என்கிறார்கள். வேட்டைக்காரர் இறைச்சியைக் காற்றுப்போகும் துணியில் பொதிந்துதான் கட்டுகிறார். ஈ மொய்க்காமல், அதேநேரம் சூடு வெளியேறி ஆறவேண்டும். பிளாஸ்டிக்கில் சுற்றினால் வெந்து கெட்டுவிடும். ஆக, அந்தச் சட்டத்தில் ஏறுவது எல்லா வகையிலும் பொதிதான். ‘சிப்பம்’ அருமையான சொல், ஆனால் அது அளவு போட்டுத் தைத்துவந்த கடைச்சரக்கு. இங்கே பொதியின் அளவு நடைக்கு நடை மாறும்.

சட்டத்துக்கும் பைக்கும் நடுவே உள்ள அந்த இடத்துக்கு யாரும் சொல் தரவில்லை. ‘பொதிமடி’ என்று முன்வைக்கிறேன். கீழே தாங்கி, முன்னால் மூடி, உடம்போடு அணைத்துக்கொள்ளும் இடத்துக்கு மடி என்று நம்மிடம் ஏற்கெனவே பெயர் இருக்கிறது. கரடி திரியும் காட்டில் இறைச்சியைச் சுமந்து வருகிறவருக்கு, ‘மடியில் கனம் இருந்தால் வழியில் பயம்’ என்பது எழுத்துக்கு எழுத்து உண்மையும்கூட.

என் அக்கா மகன் டென்வரில் இருக்கிறான். போன தடவை பாபநாசம் வந்தபோது இப்படி ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தான். பொதிமடியில் 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றை வைத்துக் கட்டி, குடமுருட்டிக் கரையில் நடந்து பார்த்தேன். முதலில் தோள் இரண்டும் அறுந்துவிடும்போல வலித்தது. அவன் பின்னால் வந்து, தோள்வாரைத் தளர்த்தி, இடுப்புப்பட்டையை இரண்டு விரல் மேலே ஏற்றி, இடுப்பெலும்பின் மேல் விளிம்பைக் கவ்வுகிறமாதிரி இறுக்கினான். அப்புறம் இழுபட்டையை ஒரு இழுப்பு. தோளுக்கும் வாருக்கும் நடுவே என் விரல் நுழைந்தது. சிப்பம் அதே சிப்பம்தான். பாரம் இடுப்புக்குப் போய்விட்டது. வரப்பில் இறங்கியும் நடந்தேன்.

அதனால் சொற்பட்டியல் பதிவின் விளக்கத்தில் எதை முதலில் எழுதவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை: முதுகளவு. தலையைக் குனிந்தால் கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து, இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கு நேரே உள்ள இடம்வரை முதுகெலும்பு வழியாக நாடா பிடித்தால் கிடைப்பது. ஆள் உயரத்தை மட்டும் வைத்து இதைச் சொல்லிவிட முடியாது. ஒரே உயரமுள்ள இருவருக்கு இது வேறாக இருக்கலாம். அடுத்து, சட்டம் முப்பது கிலோவுக்கு வளையாமல் நிற்கிறதா என்பது. கடையிலேயே கனம் ஏற்றி நடந்து பார்க்காமல் வாங்கக்கூடாது. வெறும் பையாக மாட்டினால் எல்லாம் சுகமாகத்தான் இருக்கும். கொள்ளளவு மூன்றாவது. அமெரிக்கக் கம்பெனிகள் கன அங்குலத்தில் போடுகின்றன. 61 கன அங்குலம் ஒரு லிட்டர், ஆகவே 5,000 என்றால் ஏறக்குறைய 82 லிட்டர். நம் பதிவில் லிட்டர் போதும். துணி உரசினால் சத்தம் போடக்கூடாது என்பதும் உண்டு, ஒரு வரி போதும். சட்டத்தோடு சேர்த்து வெறும் பையே இரண்டரை, மூன்றரை கிலோ வரும். எடை குறைவு என்று ஒரு கிலோப் பையை வாங்கி, திரும்பும்போது அதில் இறைச்சியை ஏற்றுவது முதுகுக்குச் செய்யும் துரோகம்.

பட்டியலில் ஏற்ற நான் முன்வைப்பது: முழுப்பொருளுக்கும் பொதிச்சட்டம், கழற்றி மாட்டும் பைக்குச் சட்டத்துப்பை, நடு இடத்துக்குப் பொதிமடி, உச்சியில் இழுபட்டை, அளவுக்கு முதுகளவு. சாதாரண மலைப்பயணப் பை ‘முதுகுப்பை’யாகவே இருக்கட்டும், அதைத் தொடவேண்டாம்.

துப்பாக்கியையோ வில்லையோ பக்கவாட்டில் செருகிக் கட்டும் உறைக்கு இன்னும் சொல் அமையவில்லை. ‘உறை’ என்றால் முழுதாக மூடுவது. இது பாதிதான் மூடுகிறது. மன்னார்குடிப் பக்கத்தில் அரிவாளை இடுப்பில் செருக ஏதாவது தனிச்சொல் புழங்குகிறதா என்று அங்குள்ள நண்பர்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்தால் இந்தச் சுற்றிலேயே சேர்த்துவிடலாம்.

அன்புடன்,
பாபநாசத்திலிருந்து