அமெரிக்கக் கன்ட்ரி இசைப் பாடகி டாலி பார்ட்டன் வளர்ந்த டென்னசி ஊர்ப்பக்கம் போனவர்கள் இருக்கிறீர்களா?

மலைப்பாதை:
டாலியின் கேளிக்கைப் பூங்காவான டாலிவுட் போனவர்களுக்கு அவர் வளர்ந்த அந்த மரக்குடிசை தெரியும். அசல் வீடு இல்லை, தம்பி பாபி கட்டிய நகல். உள்ளே சாமான்களை வைத்தது அம்மா ஏவி லீ. பிள்ளைகள் ரோலர் கோஸ்டருக்கு இழுத்தார்கள். ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா மட்டும் அங்கேயே நின்றுவிட்டார். பன்னிரண்டு பிள்ளைகள், டாலி நாலாவது என்றேன். "இவ்ளோ பேருக்கு நடுவுல இந்தப் பொண்ணு எங்க உட்கார்ந்து பாடியிருக்கும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அம்மா ஊர் திரும்பிய பிறகுதான் படித்தேன். வாசல் திண்ணையில்தான். புகையிலை காயவைக்கும் குச்சியைப் பலகை இடுக்கில் செருகி, மேலே ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்தால் அதுதான் மைக். கேட்க வந்தவை கோழிகளும் தம்பி தங்கைகளும். அந்தத் திண்ணையைத் தாண்டித்தானே வந்தோம்! இன்னும் மனசு ஆறவில்லை.

கைநாட்டு மகள்:
எனக்கு டாலிவுட் இல்லை, பக்கத்தில் செவியர்வில் ஊர் நீதிமன்றத்தின் முன்னால் இருக்கும் டாலி சிலை. வெறுங்காலோடு கிதாரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டோம். அவருடைய அப்பா ராபர்ட் லீ ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் வாளியில் சோப்புத் தண்ணீர் கொண்டுவந்து அந்தச் சிலைமேல் இருக்கும் புறா எச்சத்தைத் தேய்த்துக் கழுவுவாராம். டாலியே சொல்லியிருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாத மனிதர். டாலி பிறந்தபோது டாக்டருக்குக் கூலியாக ஒரு மூட்டை சோளமாவு கொடுத்தவர். அவரை நினைத்துத்தான் டாலி 1995-இல் குழந்தைகளுக்குப் புத்தகம் அனுப்பும் திட்டத்தை ஆரம்பித்தார். என் மகள் பெயருக்கு மாதாமாதம் ஒன்று தபாலில் வரும். என் அப்பாவும் கைநாட்டுதான். ஒவ்வொரு முறையும் உறையைப் பிரிக்கும்போது கண் கலங்கும்.

ரைமன் ரசிகன்:
மலைப்பாதை, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அந்தப் பெண் தனியாகத் திண்ணையில் பாடியே மேலே வந்த மாதிரி இருக்கிறது. அப்படி இல்லை. தாத்தா ஜேக் ஓவன்ஸ் போதகர், சபையில் பாட்டு. எட்டு வயதில் நல்ல கிதார் வாங்கித் தந்தது மாமா பில் ஓவன்ஸ். பத்து வயதில் நாக்ஸ்வில்லில் கேஸ் வாக்கர் நடத்திய வானொலி, டிவி நிகழ்ச்சி. 1959-இல் லூசியானாவில் முதல் இசைத்தட்டு. பதின்மூன்று வயதில் நாஷ்வில்லின் பெரிய கன்ட்ரி இசை வானொலி நிகழ்ச்சியான கிராண்ட் ஓல் ஓப்ரி, மேடையில் அறிமுகப்படுத்தியவர் பாடகர் ஜானி கேஷ். அப்போது ஓப்ரி நடந்த ரைமன் அரங்கின் மரப்பெஞ்சில் உட்கார்ந்து மேடையைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: அவ்வளவு தூரம் இந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து வந்து போனாரே அந்த மாமா!

அதனால் சொல்கிறேன், வீட்டில் பாடுகிற பிள்ளை இருந்தால் வகுப்பில் சேர்த்துவிட்டு ஓய்ந்துவிடாதீர்கள். கூடப் போக ஒரு ஆள் வேண்டும். வாத்தியம் மலிவாக இருந்தாலும் சுருதி நிற்கிற மாதிரி வாங்குங்கள். படிப்பையும் நிறுத்த வேண்டாம். டாலி 1964-இல் பள்ளியை முடித்துவிட்டு, மறுநாள்தான் நாஷ்வில்லுக்குப் பஸ் ஏறினார். பிள்ளை சொந்தமாகப் பாட்டுக் கட்டினால் எழுதி வையுங்கள். சோளத்தக்கையில் செய்த பொம்மையைப் பற்றிச் சின்ன வயதில் டாலி கட்டிய பாட்டு அப்படித்தான் தப்பியது. அம்மா எழுதி வைத்தார்.

மலைப்பாதை:
மாமாவைப் பற்றிச் சொன்னது சரி, நான் விட்டுவிட்டேன். ஆனால் என் அம்மா கேட்டது யார் உதவினார்கள் என்று இல்லை. எங்கே உட்கார்ந்து என்றுதான். போனில் திண்ணையைப் பற்றிச் சொன்னேன். "நான் மிதிச்சேனா அந்தப் பலகைய?" என்றார்.