சவானா டவுன்டவுனில் புது ஹோட்டல்: பழைய செங்கல் முகப்பு வெச்சா போதுமா?

துறைமுகத்தான் கேட்டது:

ஜார்ஜியா மாநிலம் சவானாவுல, பழைய டவுன்டவுனுக்குள்ளேயே ஒரு சின்ன காண்டோ வாங்கிக் குடியிருக்கோம். எங்க வார்டுல பின் சந்துக்கு ரெண்டு பக்கமும் இருக்கற மனைகள் ரொம்ப காலமா வெறும் கார் பார்க்கிங்தான். இப்போ ரெண்டையும் சேர்த்து ஆறு மாடியில ஒரே ஹோட்டலா கட்டப் போறாங்களாம். சந்துக்கு மேலயே கட்டடம் போகும். கீழ கார் வந்து ஆள் இறக்குற இடம்.

தெருவுல ஒரு பெட்டிஷன் சுத்துது. "ஊரோட பழைய முகம் கெடுது, சாம்பல் செங்கல், மர ஷட்டர், இரும்பு பால்கனி வைக்கச் சொல்லணும்"னு. பக்கத்து வீட்டு அம்மா கையெழுத்துக்கு விடாம வந்துட்டு இருக்காங்க. நல்ல மனுஷி, முகத்துக்கு நேரா மறுக்க முடியலை. ஆனா செங்கல் ஒட்டிட்டா எல்லாம் சரியாயிடுமா? பார்க்கிங்கைவிட ஹோட்டல் மோசமா? விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மதிலோரம்:

கையெழுத்துப் போடாதீங்க. நான் ஹோட்டலுக்கு ஆதரவு இல்லை. ஆனா அந்தப் பெட்டிஷன் கேக்கறதை பில்டர் சிரிச்சுக்கிட்டே குடுத்துடுவார். ஷட்டருக்கு என்ன பெரிய செலவு?

சவானாவுல கட்டடக்கலை படிச்சு, பழைய வீடு புதுப்பிக்கிற வேலையில அங்கயே கொஞ்ச காலம் இருந்தவன் நான். அந்த ஊரோட பழமை மனைக்கணக்குல இருக்கு. 1733-ல ஊரை நிறுவின ஓகல்தார்ப் போட்ட பிளானைப் பாருங்க. ஒவ்வொரு வார்டுக்கும் நடுவுல ஒரு சதுக்கம். கிழக்கு மேற்கா, சர்ச் மாதிரி பொதுக் கட்டடங்களுக்கு நாலு பெரிய மனை. வடக்கு தெற்கா, நாலு தொகுதியில மொத்தம் 40 வீட்டு மனை, ஒவ்வொண்ணும் 60 அடிக்கு 90 அடி. ஒவ்வொரு தொகுதியையும் நடுவுல ஒரு சந்து அஞ்சு அஞ்சா பிரிக்கும். வாசல் தெருப்பக்கம், குதிரை லாயம், விறகு, குப்பை எல்லாம் சந்துப்பக்கம். அடிமைகளைக் குடிவெச்ச கட்டடங்களும் பின்பக்கம்தான், ஓவன்ஸ்-தாமஸ் வீட்டுல இன்னிக்கும் நேர்ல பார்க்கலாம். இந்த ஒரே அச்சைத் திரும்பத் திரும்பப் பதிச்சுத்தான் 1851 வரைக்கும் ஊரை நீட்டினாங்க. 24 சதுக்கம்.

மனை சின்னது, அதையும் வரிசை வீடுகளுக்காகப் பிற்காலத்துல இன்னும் துண்டு போட்டாங்க. அதனாலதான் அந்தத் தெருக்கள்ல நடந்தா நாலு எட்டுக்கு ஒரு வாசல், ஒரு படிக்கட்டு வருது. பின் சந்துமேலயும் ஏறி ஒரே கட்டடம் நின்னா, தெரு முழுக்க ஒரு வாசல், ஒரு கேரேஜ் வாய். அதுமேல எந்தச் செங்கல் ஒட்டினா என்ன?

அந்தச் சாம்பல் செங்கலுக்கே ஒரு கதை உண்டு. சவானா பக்கத்துல இருந்த ஹெர்மிடேஜ் தோட்டத்துல அடிமைகள் கையால அறுத்த செங்கல் அது. ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் பழைய வீட்டைவிட அதுல இருக்கற செங்கலுக்கு விலை அதிகம்னு, வீட்டை இடிச்சு புறநகர் பங்களாக்களுக்கு வித்தாங்க. இப்போ அதே செங்கல் வேணும்னு பெட்டிஷன்!

மனை பிழைச்சிருந்தா ஊர் திரும்பி வரும்ங்கறதுக்கு எல்லிஸ் சதுக்கமே சாட்சி. 1954-ல மார்க்கெட்டை இடிச்சு, 50 வருஷக் குத்தகைக்கு விட்டு, பார்க்கிங் கேரேஜ் கட்டினாங்க. குத்தகை முடிஞ்சதும் கேரேஜை இடிச்சு, காரையெல்லாம் தரைக்கு அடியில தள்ளி, 2010-ல சதுக்கத்தைத் திறந்தாச்சு. லிபர்ட்டி, எல்பர்ட் சதுக்கங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1930-கள்ல ஹைவே அறுத்துட்டுப் போச்சு, இன்னும் திரும்பலை. அதான் இன்னிக்கு எண்ணிக்கை 22.

தெருமேல கட்டடம் ஏத்தறது எப்படி இருக்கும்னு கற்பனை பண்ண வேண்டாம். ரிவர் ஸ்ட்ரீட்ல ஹயாட் ஹோட்டலுக்கு அடியில நடந்து பாருங்க. பருத்திக் கிடங்கு வரிசை சட்டுனு அறுந்து, தெரு சுரங்கமாயிடும். 1980-கள் தொடக்கத்துல வந்தது, அதுக்கு முன்னாடி பல வருஷம் கோர்ட்ல இழுத்தாங்க.

1966-ல இருந்து அந்தப் பகுதி தேசிய வரலாற்றுச் சின்னம். 2018-ல நேஷனல் பார்க் சர்வீஸ் அதை "அச்சுறுத்தலில் உள்ளது"ன்னு தரம் இறக்கிச்சு. அதுக்குக் காரணமே பெரிய பெரிய கட்டடங்கள் மூலப் பிளானை மூடிக்கிட்டு வர்றதுதான். ஆனா அந்தப் பட்டம் தானா எதையும் தடுக்காது. நகராட்சிச் சட்டம்தான் தடுக்கும்.

கணக்குப்பிள்ளை:

மதிலோரம் சார் சொன்னது சரி, ஆனா ஒரு பக்கம்தான். வெறும் பார்க்கிங் மனையை யாரும் பாரம்பரியம்னு கட்டிப்பிடிக்க வேண்டாம். அந்த ஊரைத் தின்னதே பார்க்கிங்தான். 1820-ல கட்டின டேவன்போர்ட் வீட்டையும் பார்க்கிங்குக்காகத்தான் இடிக்க இருந்தாங்க. 1955-ல ஏழு பெண்கள் 22,500 டாலர் திரட்டி வாங்கினதால தப்பிச்சது.

பழைய கட்டடத்தைக் காப்பாத்தப் பணம் எங்கிருந்து வருதுன்னும் பாருங்க. புதுப்பிக்கற செலவுல 20% ஃபெடரல் வரிச்சலுகை கிடைக்கணும்னா கட்டடம் வருமானம் ஈட்டணும், சொந்தமாக் குடியிருக்கற வீட்டுக்குக் கிடையாது. ஆத்தோரத்துல 1912 காலத்து மின்நிலையம் இன்னிக்கு நிக்குதுன்னா, உள்ள ஹோட்டல் இருக்கறதால. "கட்டாதே"ன்னு போய் நின்னா மனை இன்னும் இருபது வருஷம் தார் போட்டபடியே கிடக்கும்.

உப்புக்காத்து:

நான் பக்கத்து மாநிலம் தெற்கு கரோலினாவுல, சார்ல்ஸ்டன்ல இருக்கேன். பழமைக்குன்னு அமெரிக்காவிலேயே முதல் மண்டலச் சட்டம் போட்ட ஊர் எங்களது, 1931-ல. கதவு, ஜன்னல், கூரைன்னு வாரியம் ஒண்ணையும் விடாது. 1986-ல திறந்த சார்ல்ஸ்டன் பிளேஸ் ஹோட்டலுக்கு நடந்த சண்டை பிரபலம். கடைசியில உயரமான பகுதியை உள்ள தள்ளி, கிங் ஸ்ட்ரீட் கடை முகப்புகளைக் காப்பாத்தினாங்க. பார்க்க நல்லாத்தான் இருக்கு.

ஆனா முகப்புக்குப் பின்னாடி யார் இருக்காங்கன்னு எந்த வாரியமும் கேக்கறதில்லை. 1960-கள்ல இங்க ஆடிட்டோரியம் கட்ட ஆன்சன்பரோவுல கறுப்பினக் குடும்பங்களைக் காலி பண்ணினாங்க. ஹைவே வேற குடியிருப்புகளை ரெண்டாக் கிழிச்சது. உங்க சவானாவுலயும் அதேதான். வெஸ்ட் பிராட் ஸ்ட்ரீட் கறுப்பின வியாபாரிகளோட கடைவீதி. 1963-ல அங்க இருந்த யூனியன் ரயில் ஸ்டேஷனை இடிச்சு ஐ-16 ஹைவேயை இறக்கினதும் படுத்துடுச்சு.

வேற மாதிரியும் செய்யலாம்னு காட்டினதும் உங்க ஊர்தான். 1974-ல லீ ஆட்லர் ஆரம்பிச்ச லேண்ட்மார்க் திட்டம், விக்டோரியன் பகுதி வீடுகளைப் புதுப்பிச்சு, வசதியில்லாத வாடகைக்காரங்களை அங்கயே தங்க வெச்சது. உங்க பெட்டிஷன்ல வீடுங்கற பேச்சே இல்லையே, தம்பி?

துறைமுகத்தான்:

எல்லாருக்கும் நன்றி. அக்கா கேட்டது சுருக்குன்னு தைச்சது. எங்க தெருவுலயே பாதி ஜன்னல் வார இறுதி விருந்தாளிகளுக்குத்தான் திறக்குது. அடுத்த வாரம், பழைய டவுன்டவுன்ல கட்டற பிளான்களைப் பரிசீலிக்கற எங்க ஊர் வாரியத்தோட கூட்டம், நோட்டீஸ்ல "பகுதி 1: உயரமும் பருமனும்"னு போட்டிருக்கு. பேச சில நிமிஷம்தான் குடுப்பாங்க. எதைச் சொல்ல?

மதிலோரம்:

பகுதி 1-னா சரியான நேரத்துலதான் போறீங்க. செங்கல், ஷட்டர் எல்லாம் பகுதி 2. அப்போ போனா பருமன் ஏற்கெனவே பாஸ் ஆகியிருக்கும்.

கணக்குப்பிள்ளை சொன்னபடி "கட்டாதே"ன்னு ஆரம்பிக்காதீங்க. பின் சந்துமேல கட்டாம, அதைத் திறந்து விட்டு ரெண்டு தனிக் கட்டடமாக் கட்டச் சொல்லுங்க. பழைய 60 அடி மனை எல்லை முகப்புல தெரியணும், அதுக்கு ஏத்தபடி தெருவுல வாசல்கள் வேணும்னு கேளுங்க. போறதுக்கு முன்னாடி நகராட்சியோட உயர வரைபடத்துல உங்க மனைக்கு எத்தனை மாடின்னு பார்த்து வெச்சுக்கோங்க, ஆறுல எத்தனை கூடுதலாக் கேக்கறாங்கன்னு தெரிஞ்சுடும்.

அக்கா கேள்வியை இந்த வாரியத்துல வெச்சா "எங்க அதிகாரம் இல்லை"ன்னு முடிச்சுடுவாங்க. அதை நகர கவுன்சிலுக்குக் கொண்டு போங்க. சந்து பொதுச் சொத்துன்னா, அதுமேல கட்ட நகராட்சி இடம் குடுத்தாகணும். அதுக்குப் பதிலா என்ன கேக்கப் போறீங்க, ஒரு கட்டடத்துல வாடகை வீடுகள் கேட்டா என்னன்னு உங்க வார்டு கவுன்சிலர்கிட்ட இப்பவே எழுத்துல கேளுங்க. பக்கத்து வீட்டு அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க. இவ்வளவு விடாப்பிடியா அலையறவங்க நம்ம பக்கம் இருக்கறது நல்லது.