ஆழ்துளைக் கிணற்று நீரில் எண்ணெய் வாடை: எந்தச் சோதனையைக் கேட்பது?

கேள்வி:
குத்தாலம் அருகே, வயல் வழியே எண்ணெய்க் குழாய் செல்லும் ஊரில் வசிக்கிறோம். சில வாரங்களாக எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரில் மண்ணெண்ணெய் போன்ற வாடை வருகிறது. மேலே பளபளவென்று ஒரு படலமும் மிதக்கிறது. டிடிஎஸ் மீட்டர் 480 காட்டுவதால் அஞ்ச வேண்டாம் என்கிறார் வடிகட்டி விற்பவர். இதை நம்பலாமா?

மறுமொழி 1:
நம்ப வேண்டாம். அந்தக் கருவி நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவையே தோராயமாகக் கூறும், லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் என்ற ஐஎஸ் 10500 (இந்தியக் குடிநீர்த் தரநிலை) வரம்பைக் காரீயம் பலமடங்கு தாண்டினாலும், எண்ணெய் கலந்திருந்தாலும் அதில் தெரியாது. படலத்தைக் குச்சியால் கலைத்துப் பாருங்கள்: சில்லுகளாக உடைந்தால் பெரும்பாலும் இரும்புப் பாக்டீரியா, மீண்டும் ஒன்றுகூடினால் எண்ணெயாக இருக்கக்கூடும். வாடை இருப்பதால், எப்படியானாலும் சோதனை தேவை.

மறுமொழி 2:
குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் வழக்கமான சோதனையை மட்டும் கேட்டால் கடினத்தன்மை, குளோரைடு போன்றவையே கிடைக்கும். பென்சீன் (பெட்ரோலியத்தில் உள்ள நச்சுப்பொருள்) உள்ளிட்ட ஆவியாகும் சேர்மங்கள், கனிம எண்ணெய் (பெட்ரோலிய எண்ணெய்), காரீயம் போன்ற கன உலோகங்கள் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அங்கு வசதி இல்லையெனில் அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகத்தை நாடலாம். பென்சீனுக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். மாதிரியைப் பழைய குளிர்பானப் புட்டியில் பிடித்துச் செல்லாமல் (நானே ஒருமுறை அப்படிச் செய்து பணத்தை வீணாக்கினேன்), ஆய்வகம் தரும் கண்ணாடிக் குப்பியில் காற்றுக்குமிழி இன்றி நிரப்பி, பனிக்கட்டியில் வைத்துக் கொடுங்கள்.

கேட்டவர்:
நன்றி. அதுவரை கொதிக்கவைத்துக் குடிக்கலாமா?

மறுமொழி 2:
கூடாது. உலோகங்கள் செறிவு கூடும்; ஆவியாகும் சேர்மங்கள் சமையலறைக் காற்றில் கலக்கும். வேறு நீரைப் பயன்படுத்துங்கள்.