26 விசைக்குள் தமிழ்99: வழி சொல்லுங்கள்

வணக்கம், மொரீஷியஸ் ரோஸ் ஹில்லிலிருந்து. கோயில் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்காக ராஸ்பெரி பை ஸீரோ 2 டபிள்யூ என்ற சிறு கணினிப் பலகையை வைத்துக் கையடக்கக் கணினி செய்கிறேன். இரண்டு மாதமாக விசைப்பலகை வேலையிலேயே மாட்டி நிற்கிறேன்.

தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்புக்கு 31 விசை வேண்டும். என்னிடம் எழுத்துக்கு 26தான். வழக்கமாகக் குறியீட்டு விசைகளில் ([ ] ; ' /) இருக்கும் ச, ஞ, ந, ய, ழ ஐந்துக்கும் இடமில்லை. 'யாழ்' என்று கூட அடிக்க முடியவில்லை!

ஐந்தையும் ஷிப்டில் வைத்தேன். ச, ந, ய அடிக்கடி வருவதால் பிள்ளைகள் திணறுகிறார்கள். விசையை நீள அழுத்தினால் வேறு எழுத்து வரும்படி வைத்தால் வேகமாக அடிக்கையில் எழுத்து மாறுகிறது. ஔ, ங இரண்டையும் ஷிப்டுக்குத் தள்ளி, அந்த இடங்களில் ச, ய வைத்தேன்; இது பரவாயில்லை. ஞ ஷிப்டிலேயே இருக்கட்டும். தமிழ் உள்ளீட்டு மென்பொருளான ஐபஸ், எம்17என் கோப்பைத் திருத்தத் தெரியும். மென்பொருள் சிக்கல் இல்லை.

ந, ழ இரண்டுக்கும் நேரடி விசை கொடுக்க, இன்னும் எந்த இரண்டு எழுத்தை ஷிப்டுக்கு அனுப்பலாம்?