"இதயத்துல ஓட்டை" என்று தேடிய அம்மாவுக்கு எங்கள் செய்திக்குறிப்பு கிடைக்கவில்லை

கோவைக்காரன்:

மக்கள் தொடர்பு வேலையில் எனக்கு இது 20ஆவது வருடம். இத்தனை வருடத்தில் என் தூக்கத்தைக் கெடுத்த போன் ஒன்றே ஒன்றுதான். அதைச் சொல்கிறேன். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

2019. ஒரு தனியார் மருத்துவமனை குழந்தைகளுக்கு இலவச இதயப் பரிசோதனை முகாம் நடத்தியது. செய்திக்குறிப்பு எழுதியது நான்தான். லெட்டர்பேடில் இரண்டு பக்கம். தலைப்பு, 'மாபெரும் மருத்துவ சேவைத் திட்டம் தொடக்க விழா'. முதல் பத்தி முழுக்கத் தலைவரின் பெயர், பட்டங்கள், வாங்கிய விருதுகள். முகாம் என்றைக்கு, எங்கே, யாரிடம் பேச வேண்டும் என்பதெல்லாம் இரண்டாம் பக்கத்தின் அடியில். பிரிண்ட் எடுத்து, கையெழுத்து வாங்கி, ஸ்கேன் செய்து, பிடிஎஃப்பாக நிருபர்கள் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். மருத்துவமனை இணையதளத்திலும் அதே பிடிஎஃப். நாளிதழ்களின் உள்ளூர்ப் பக்கத்தில் நாலு வரி வந்தது. தலைவருக்குத் திருப்தி.

முகாம் முடிந்து ஒரு வாரம் கழித்துப் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா பேசினார். யாரோ ஃபார்வர்ட் செய்த குறிப்பிலிருந்து என் எண்ணை எடுத்திருக்கிறார். முகாம் எப்போது என்று கேட்டார். முடிந்துவிட்டது என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "பத்து நாளா போன்ல தேடிட்டே இருந்தேனுங்க. ஒண்ணுமே வரலீங்க" என்றார். என்னவென்று போட்டுத் தேடினீர்கள் என்று கேட்டேன். "கொழந்தைக்கு இதயத்துல ஓட்டை, இலவசமா பாக்கற எடம்னு போட்டேனுங்க."

நான் எழுதியிருந்தது 'பிறவி இதயக் குறைபாடு'. 'ஓட்டை' என்ற சொல் அந்த இரண்டு பக்கத்தில் எங்கேயும் கிடையாது. இருந்திருந்தாலும் ஸ்கேன் செய்த படத்துக்குள் இருக்கும் தமிழைத் தேடுபொறி ஒழுங்காகப் படித்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது.

செய்திக்குறிப்பு என்ற வடிவம் பிறந்தபோது அதற்கு வாசகர் பத்திரிகைக்காரர் மட்டும்தான். 1906 அக்டோபர் 28 அன்று அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி அருகே ரயில் ஒன்று பாலத்திலிருந்து தண்ணீரில் விழுந்ததில் 50க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பென்சில்வேனியா ரயில் நிறுவனத்துக்காக வேலை செய்த ஐவி லீ, வதந்தி பரவுவதற்கு முன் நடந்ததை எழுதி நிருபர்கள் கையில் கொடுத்தார். நியூயார்க் டைம்ஸ் அதை அப்படியே அச்சிட்டது. முதல் செய்திக்குறிப்பு என்று பலரும் சொல்வது அதைத்தான். எழுதுகிறவருக்கும் மக்களுக்கும் நடுவில் ஒரு உதவி ஆசிரியர் இருந்தார். எவ்வளவு சுற்றி வளைத்து எழுதினாலும் அவர் அதிலிருந்து விஷயத்தைப் பிடித்து, மக்களுக்குப் புரிகிற தலைப்பு போடுவார். இன்றைக்கு அந்தக் குறிப்பு வாட்ஸ்அப்பில் நேராக அந்த அம்மாவின் கைக்கே போகிறது. நடுவில் யாரும் இல்லை. நாம் எழுதுவதோ இன்னமும் அந்த உதவி ஆசிரியருக்குத்தான்.

இரவுப்பணி:

அண்ணா, அந்த உதவி ஆசிரியர் நான்தான். ஒரு நாளிதழின் இணையப் பிரிவில் இரவு டெஸ்க் பார்க்கிறேன்.

நவம்பர் வந்தால் எனக்குப் பயம் மழையைப் பற்றி இல்லை, விடுமுறை அறிவிப்புப் படங்களைப் பற்றித்தான். இரண்டு வருடம் முன்னால் ஒரு விடியற்காலை ஐந்தரை மணி. மாவட்ட நிர்வாகத்தின் பெயர் போட்ட அழகான ஒரு படம், 'கனமழை காரணமாக நாளை பள்ளிகளுக்கு விடுமுறை' என்று நாலு பக்கத்திலிருந்தும் வந்தது. எழுத்துரு சரி, சின்னம் சரி. அதற்கு முந்தின வருடத்துப் படம் அது. தேதியே போடாமல் 'நாளை' என்று மட்டும் எழுதியிருந்ததால், எந்த இரவில் அனுப்பினாலும் அது புதுச் செய்திதான். அலுவலகத்துக்குப் பேசி உறுதி செய்து, பழைய படம் என்று நாங்கள் செய்தி போடுவதற்குள் எத்தனை வீட்டில் பிள்ளைகளை எழுப்பாமல் விட்டார்களோ.

அறிவிப்பு எழுதுகிற எல்லோருக்கும் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன். 'நாளை' என்று தனியாக எழுதாதீர்கள். கிழமை, தேதி, வருடம் மூன்றையும் படத்துக்குள்ளேயே, பெரிய எழுத்திலேயே போடுங்கள். செய்தி வெளியீட்டு எண்ணும், உங்கள் இணையதளத்தில் அந்தக் குறிப்பு இருக்கும் முகவரியும் அதே படத்தில் இருக்கட்டும். படத்தை மட்டும் வெட்டி எடுத்துத்தான் அனுப்புவார்கள், தலைப்பும் விளக்கமும் கூட வராது. அறிவிப்பு மாறினால் புதுப் பக்கம் தொடங்க வேண்டாம். பழைய பக்கத்திலேயே, எத்தனை மணிக்கு மாற்றினீர்கள் என்று மேலே எழுதித் திருத்துங்கள். இரண்டு பக்கம் இருந்தால் தேடுகிறவர் கண்ணில் எது படும் என்று யாருக்குத் தெரியும்?

வடமராட்சி:

யாழ்ப்பாணத்தில எங்கட பக்கம் இன்னும் பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துருதான். ஒரு அரச அலுவலகத்தில இருந்து வாற அறிக்கையை இணையத்தில போடுறதெண்டால் முதல் வேலை அதை ஒருங்குறிக்கு, அதாவது யூனிகோடுக்கு, மாத்துறது. சின்னப் பிரச்சினை எண்டு நினைக்கிறவைக்கு ஒண்டு சொல்லுறன். பாமினியில 'தமிழ்' எண்டு அடிச்சால் கணினி சேமிச்சு வைக்கிறது ஜே, கே, பி, ஓ எண்ட நாலு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியும். எங்கட கண்ணுக்குத்தான் அது தமிழ். கூகுளுக்கு அது அர்த்தமில்லாத ஆங்கிலம். அந்த அறிக்கையில எத்தினை நல்ல சொல் போட்டாலும் ஒருத்தருக்கும் அகப்படாது. மாத்தேக்க எழுத்துப் பிழையும் வரும், ஊர்ப் பெயர் உடைஞ்சு போகும்.

இரவுப்பணி:

இங்கே வானவில் எழுத்துருவில் வருவதும் இதே கதைதான். தமிழ்நாடு அரசு 2010இலேயே ஒருங்குறியைத் தரமாக அறிவித்துவிட்டது. ஆனாலும் பழக்கம் விடவில்லை.

வெண்கோல்:

எனக்குப் பார்வை இல்லை. திருச்சியில் ஆசிரியராக இருக்கிறேன். திரைவாசிப்பான் மென்பொருள்தான் எனக்குப் படித்துக் காட்டும். என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம், தமிழும் பேசும்.

மாற்றுத்திறனாளிகளுக்கான பயணச் சலுகை பற்றி ஓர் அறிவிப்பு வந்தது. எங்களுக்காகவே வந்த அறிவிப்பு. திறந்தால் 'படம்' என்று ஒரு சொல். அவ்வளவுதான். கீழே போனேன், இன்னொரு 'படம்'. பக்கத்து வீட்டுப் பெண் பள்ளியிலிருந்து வந்து வாசித்துக் காட்டும் வரை காத்திருந்தேன். கடைசித் தேதி அதற்கு முந்தின நாளோடு முடிந்திருந்தது.

படம் போட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. படத்தில் இருப்பதை எழுத்தாகவும் கீழே போடுங்கள். படத்துக்கான மாற்று விளக்கம் என்று ஒரு கட்டம் ஃபேஸ்புக்கிலும் இருக்கிறது, உங்கள் இணையதளத்திலும் இருக்கிறது. அதை நிரப்ப அரை நிமிடம் ஆகாது.

புதுவரவு:

அண்ணா, அக்கா, வணக்கம். ஏஜென்சியில் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் ஒரே செய்திக்குறிப்பை ஐம்பது தளத்தில் போடச் சொல்கிறார். 'சென்னையில் சிறந்த' என்று தொடங்கும் சொற்றொடர் ஒவ்வொன்றிலும் அவர் தளத்துக்கு இணைப்பு கொடுக்க வேண்டுமாம். அப்படிச் செய்தால் கூகுளில் மேலே வருமா?

கோவைக்காரன்:

தம்பி, அந்த வழியை கூகுள் 2013இலேயே அடைத்துவிட்டது. பல தளங்களில் பரப்பும் செய்திக்குறிப்புக்குள் இப்படிச் சொல் பார்த்து இணைப்பு வைப்பதை இயல்பற்ற இணைப்பு என்று தன் விதிமுறையில் பெயர் சொல்லியே எழுதியது. காசு கொடுத்துப் பரப்பும் குறிப்பென்றால் இணைப்பை நோஃபாலோ என்றோ ஸ்பான்சர்டு என்றோ குறித்துவிடு, இதைத் தரவரிசைக்குக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறிகள் அவை. உன் வாடிக்கையாளரின் சொந்தத் தளத்தில் ஒரே ஒரு பக்கம் நன்றாக இருந்தால் போதும். ஐம்பது நகலுக்குச் செலவழிக்கும் காசில் ஒரு நல்ல போட்டோகிராபரை அனுப்பச் சொல்.

இந்தப் பேச்சு புதிதும் இல்லை. 2006இல் டாம் ஃபோரெம்ஸ்கி என்ற பத்திரிகையாளர், செய்திக்குறிப்பு செத்தொழியட்டும் என்றே எழுதினார். புகழுரையை விடுங்கள், தகவலைத் தனியாக, மேற்கோளைத் தனியாகப் பிரித்துக் கொடுங்கள் என்பதுதான் அவர் கோரிக்கை. அதே வருடம் டாட் டெஃப்ரன் என்ற மக்கள் தொடர்புக்காரர், சமூக ஊடகத்துக்கான செய்திக்குறிப்பின் முதல் மாதிரிப் படிவத்தை வெளியிட்டார். நான் அதைப் படித்திருந்தேன். படித்தும் 2019இல் அப்படி எழுதினேன் என்பதுதான் என்னால் இன்னும் தாங்க முடியாதது.

அடுத்த முகாமுக்கு மருத்துவமனையில் உட்கார்ந்து சண்டை போட்டேன். தலைவர் பெயர் மூன்றாம் பத்திக்குப் போக வேண்டும் என்றதும் அறையே அமைதியானது. அந்த அம்மா பேசியதை அப்படியே சொன்னேன். ஒப்புக்கொண்டார்கள். தலைப்பு, 'குழந்தைக்கு இதயத்தில் ஓட்டையா? கோவையில் இலவசப் பரிசோதனை முகாம்'. முதல் வரியிலேயே தேதி, கிழமை, இடம், தொலைபேசி எண். எந்த வயதுப் பிள்ளைகள், என்னென்ன காகிதம் எடுத்து வர வேண்டும், முதல்வர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் என்ன செய்யலாம் என்பது அடுத்து. 'பிறவி இதயக் குறைபாடு' என்ற சொல்லையும் எடுக்கவில்லை. டாக்டர் சீட்டில் அதைப் பார்த்துவிட்டுத் தேடுகிறவர்களும் இருப்பார்கள். எல்லாம் ஒருங்குறியில், மருத்துவமனைத் தளத்தில் ஒரு தனிப் பக்கமாக. வாட்ஸ்அப்பில் இணைப்பை அனுப்பினால் மேலே விரியும் சின்னப் படத்துக்கு லோகோவை வைக்காமல் தேதியும் இடமும் எழுதிய படத்தை 1200க்கு 630 பிக்சலில் செய்து வைத்தோம். பொள்ளாச்சி அம்மாவுக்கு நானே இணைப்பை அனுப்பினேன். பையனைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

வெண்கோல்:

சார், அந்தப் பக்கம் இப்போதும் இருக்கிறதா? எங்கள் பள்ளியில் ஒரு பிள்ளைக்குத் தேவைப்படுகிறது.

கோவைக்காரன்:

இருக்கிறதுங்க டீச்சர். முகவரியை மாற்றவே இல்லை, ஒவ்வொரு முகாமுக்கும் அதே பக்கத்தில்தான் தேதியை மாற்றுகிறோம். உங்களுக்குத் தனியே இணைப்பை அனுப்பியிருக்கிறேன். திறந்ததும் முதலில் காதில் விழுவது தேதியாகத்தான் இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் உடனே சொல்லுங்கள், இன்று இரவே சரிசெய்துவிடுகிறேன்.